கப்பம் மறுத்தவனும் கப்பம் கேட்டவனும்

எங்கள் பங்கில் ஞாயிறு மாலைகளில் வாசகர் வட்டம் ஒன்று கூடுவதுண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஆளுக்கொரு நூலைப் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். அப்படிக் கூடிய ஒரு மாலையில் வரலாற்று வீரர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர், "பேரரசுக்குத் தலைவணங்க மறுத்தவன் எவனாக இருந்தாலும் அவன் போற்றத்தக்கவன்தானே, சாமி?" என்று கேட்டார். நான் விடை சொல்லத் தொடங்குவதற்குள், மூலையில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "அவன் யாருக்குத் தலைவணங்க மறுத்தான் என்று மட்டும் கேட்டால் போதுமா, தம்பி? அவனுக்கு முன்னால் யார் யார் தலைவணங்கி நின்றார்கள் என்றும் கேட்க வேண்டாமா?" என்றார்.

பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. என் மனம் திரும்பவில்லை. இளைஞரின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. முதியவரின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒருங்கே நிறுத்தி எடைபோட்டுப் பார்க்க ஏற்றதொரு வாழ்க்கை வரலாற்றில் உண்டு. வங்காளத்தின் தென்கோடியில், சுந்தரவனக் காடுகளின் ஓரத்தில், மொகலாயப் பேரரசோடு மோதி வீழ்ந்த பிரதாபாதித்யன் என்னும் நிலக்கிழாரின் வாழ்க்கை அது. நம் திருச்சபையின் வரலாறும் அவனுடைய வாசற்படியை ஒருமுறை மிதித்திருக்கிறது. ஆகவே நமக்கு அவன் முற்றிலும் அயலான் அல்லன்.

ஆறுகளின் நாட்டில்

கி.பி. 1576இல் இராஜ்மகாலில் நடந்த போரில் வங்காளத்தின் கடைசி ஆப்கானிய சுல்தானான தாவூத் கான் கர்ரானி வீழ்ந்தான். வங்காளம் அக்பருடையது ஆயிற்று என்று அரசவை வரலாறு எழுதியது. ஆனால் எழுதியதற்கும் உண்மைக்கும் இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கிடந்தன. கிழக்கிலும் தெற்கிலும் விரிந்து கிடந்த ஆற்று நாட்டில் மொகலாயரின் குதிரைப்படை செல்லும் வழியற்று நின்றது. மழைக்காலத்தில் நிலம் எது, நீர் எது என்று தெரியாத அந்தப் பகுதியில் போர்ப்படகு வைத்திருந்தவனே அரசன். அப்படிப் படகும் கோட்டையும் நிலவரி தண்டும் உரிமையும் வைத்திருந்த தலைவர்களைப் 'பூயான்'கள் என்று அழைத்தார்கள். பூமியை உடையவர் என்பது அதன் பொருள். நம் நாட்டுப் பாளையக்காரர்களை நினைத்துக்கொண்டால் அவர்களைப் புரிந்துகொள்வது எளிது. பன்னிரு பூயான்கள் என்று மரபு சொல்லும். எண்ணிக்கை கூடியும் குறைந்தும் இருந்தது.

இவர்களுள் முதல்வன் இசா கான். 1597இல் அக்பரின் தளபதி மான்சிங்கின் மகன் துர்ஜன்சிங் இவனது படகுப்படையோடு பொருதுதான் உயிரிழந்தான். 1599இல் இசா கான் இறந்தபின் அவன் மகன் மூசா கான் போரைத் தொடர்ந்தான். ஸ்ரீபுரத்தில் கேதார் ராய் இருந்தான். இந்துவும் இசுலாமியனும் ஒரே அணியில் நின்று ஒரே பேரரசை எதிர்த்த காலம் அது. அந்தப் போரைச் சமயப் போராகச் சித்திரிக்க முயல்வோர் இந்த எளிய உண்மையைக் கண்டும் காணாமல் போகிறார்கள்.

ஜெசோர் நாட்டை ஆண்ட பிரதாபாதித்யனின் வேர் இந்தப் பின்னணியில்தான் இருக்கிறது. அவன் தந்தை ஸ்ரீஹரி, தாவூத் கானின் அதிகாரிகளுள் ஒருவன். சுல்தான் வீழ்ந்தபோது கையில் கிடைத்த செல்வத்தோடு தெற்கே காட்டோரத்துக்கு வந்து நாடமைத்தான் என்பது மரபு. மகன் அந்த நாட்டை விரிவாக்கினான். யமுனை என்று பெயர் கொண்ட அங்குள்ள ஆறும் இச்சாமதியும் கூடும் இடத்துக்கருகே தூம்காட்டில் தலைநகர் கண்டான். இன்று வங்கதேசத்தின் சாத்கீரா மாவட்டத்தில் ஈஸ்வரிபூர் என்று வழங்கும் ஊரும் அதன் சுற்றுப்புறமும் அந்தத் தலைநகரின் எச்சங்கள்.

பாட்டும் மேடையும் படைத்த வீரன்

பிரதாபாதித்யனைப் பற்றி வங்காளம் இரண்டு நூற்றாண்டுகளாகக் கதை சொல்லி வந்திருக்கிறது. 1752இல் பாரத்சந்திரர் பாடிய 'அன்னதாமங்கல்' காவியத்தில் மான்சிங் வந்து அவனை வென்று இரும்புக் கூண்டில் அடைத்துக் கொண்டு போகிறான். வழியில் காசியில் அவன் மடிகிறான். 1801இல் இராம்ராம் பாசு எழுதிய அவனது வரலாறு, அச்சேறிய முதல் வங்காள உரைநடை நூல்களுள் ஒன்று. 1903இல் க்ஷீரோத்பிரசாத் அவனை நாடக மேடையில் ஏற்றினார். அதே ஆண்டில் சரளாதேவி சௌதுராணி கல்கத்தாவில் பிரதாபாதித்யன் விழாவை நடத்தினார். அந்நிய ஆட்சியின் கீழ் முதுகு வளைந்து கிடந்த இளைஞருக்கு, நிமிர்ந்து நின்ற முன்னோன் ஒருவன் தேவைப்பட்டான். அந்தத் தேவையை நாம் ஏளனம் செய்யலாகாது. அடிமைப்பட்ட மக்கள் தங்கள் பழைய பெட்டியைத் திறந்து வாள் இருக்கிறதா என்று தேடுவது இயல்பு.

ஆனால் பெட்டியில் இருந்தது என்ன? மான்சிங் 1606இலேயே வங்காளத்தை விட்டுப் போய்விட்டான். பிரதாபாதித்யனின் வீழ்ச்சி அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் பிற்பட்டது. பாரத்சந்திரர் பாடியது கிருஷ்ணநகர் அரசர் கிருஷ்ணசந்திரரின் அவையில். அந்த அரசரின் முன்னோர் பவானந்தர் மொகலாயருக்குத் துணைநின்று ஜமீன் பெற்றவர். மான்சிங்கின் வெற்றி அந்த அவைக்கு இனித்திருக்கும் என்பதில் வியப்பில்லை. ஒரு காலத்தில் தோற்றவனாகப் பாடப்பட்டவன் இன்னொரு காலத்தில் வீரனாகப் போற்றப்பட்டான். பாடியவர்களின் தேவை மாறியது. பாடப்பட்டவனின் செயல்கள் மாறவில்லை.

அந்தச் செயல்களை அறிய நமக்கு நேர்ச்சான்று ஒன்று உண்டு. அவனை வென்ற படையிலேயே படகுப்பிரிவை நடத்திய மிர்சா நாதன் என்பவர் பாரசீக மொழியில் தம் நினைவுகளை எழுதிவைத்தார். 'பஹாரிஸ்தான்-இ-கைபி' என்னும் அந்த நூல் பாரிஸ் நூலகம் ஒன்றில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1936இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. பகைவன் எழுதிய நூல் என்பதை மறவாமல் படிக்கவேண்டிய நூல் அது. ஆயினும் நாள்தோறும் களத்தில் நின்றவரின் எழுத்து.

நடந்தது இதுதான்

1608இல் ஜஹாங்கீர் இஸ்லாம் கானை வங்காளத்தின் சுபேதாராக அனுப்பினார். குதிரையை நம்பிய முன்னவர்களின் தவற்றை இஸ்லாம் கான் செய்யவில்லை, படகுகளைத் திரட்டினான். பூயான்களை ஒருவர் பின் ஒருவராகப் பிரித்து எடுத்தான். இந்த வேளையில், பெரிய தலைவர்களுள் முதலாவதாகத் தூதனுப்பிப் பணிவு தெரிவித்தவர்களில் ஒருவன் பிரதாபாதித்யன்! இளைய மகன் சங்கிராமாதித்யனைப் பரிசுப் பொருள்களோடு அனுப்பினான். 1609இல் தானே நேரில் சென்று சுபேதாரைக் கண்டான். மூசா கானை எதிர்த்து நடக்கவிருந்த போருக்கு 20,000 காலாட்களும் 500 போர்ப்படகுகளும் 1,000 மணங்கு வெடிமருந்தும் கொண்டு வருவதாக வாக்களித்தான். மரியாதை உடைகளைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினான்.

திரும்பியவன் வாக்கை நிறைவேற்றவில்லை. மூசா கானின் பக்கமும் போகவில்லை; பேரரசின் பக்கமும் போகவில்லை. யார் வெல்கிறார்கள் என்று பார்த்திருந்தான். 1611இல் மூசா கான் பணிந்தபோது பிரதாபாதித்யனுக்கு அச்சம் பிறந்தது. மன்னிப்புக் கேட்டு அதே மகனை 80 படகுகளோடு அனுப்பினான். இஸ்லாம் கான் அந்தப் படகுகளை உடைத்தழிக்க உத்தரவிட்டான். மன்னிப்பு மறுக்கப்பட்டது. அதன்பின்தான் போர்.

1611ஆம் ஆண்டின் இறுதியில் கியாஸ் கான் தலைமையில் படை புறப்பட்டது. சால்கா என்னுமிடத்தில் மூத்த மகன் உதயாதித்யன் கோட்டை அமைத்து எதிர்த்தான். கவாஜா கமால் என்னும் ஆப்கானியத் தளபதி படகுப்படையை நடத்தி உயிர் துறந்தான். 1612 சனவரியில் காகர்காட்டில் இறுதிப் போர். பிரதாபாதித்யன் தோற்றுச் சரணடைந்தான். டாக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு விலங்கிடப்பட்டான். நாடு பறிக்கப்பட்டது. காசியில் மடிந்தான் என்பது மரபு.

கதை இவ்வளவோடு நின்றிருந்தால், வீரன் என்று நம்பியவன் சந்தர்ப்பவாதி என்று ஏமாற்றத்தோடு நூலை மூடிவிடலாம். அப்படி மூடிவிடுவது எளிது. ஆனால் நியாயம் அன்று. மகனைப் பிணையாக அனுப்பியவன், வாக்களித்துப் பின்வாங்கியவன், இறுதியில் போரிட்டவன் என்னும் மூன்று முகங்களும் ஒருவனுடையவை. பெரும் வலிமைக்கு முன் சிறு வலிமை எப்போதும் இப்படித்தான் தடுமாறுகிறது. நேர்கோட்டில் நடக்கும் வசதி வலியவனுக்கே கிடைக்கிறது. தடுமாற்றத்தை மட்டும் வைத்து அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. அவனைப் பற்றிக் கேட்கவேண்டிய கடுமையான கேள்வி வேறொன்று உண்டு. அதை எழுப்புவதற்கு முன், அந்த அரண்மனைக்குள் நுழைந்த நம்மவர்களைப் பார்த்துவிடுவோம்.

காட்டோரத்தில் ஒரு கோவில்

1598இல் சேசு சபையின் கீழை மாநிலங்களின் பார்வையாளராக இருந்த நிக்கோலாஸ் பிமென்டா அடிகளார், பிரான்சிஸ்கு பெர்னாண்டஸ், தொமிங்கோஸ் தெ சூசா என்னும் இரு குருக்களைக் கொச்சியிலிருந்து வங்காளத்துக்கு அனுப்பினார். மறு ஆண்டு மெல்கியோர் ஃபொன்சேகா, ஆந்திரே போவ்ஸ் ஆகிய இருவர் பின்தொடர்ந்தனர். ஃபொன்சேகா அடிகளார் ஆற்று வழியாக 'சாந்திகான்' அரசனின் நகரை அடைந்தார். சேசு சபையினர் தம் மடல்களில் அரசனின் பெயரைக் குறிக்கவில்லை. அவன் பிரதாபாதித்யனே என்பது அறிஞர் பெரும்பாலோரின் துணிபு. வழியில் பாக்லா நாட்டில், எட்டு வயது நிரம்பாத சிறுவன் ஒருவன் அரசனாக அமர்ந்திருந்ததை அடிகளார் கண்டார். அந்தச் சிறுவனுக்கு மாமனாராகப் போகிறவர்தாம் சாந்திகான் அரசர் என்பதும் அப்போதே பேச்சாயிருந்தது.

அரசன் குருக்களை அன்போடு வரவேற்றான். கோவில் கட்ட இசைவளித்தான். 1600ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் அந்தக் கோவில் திறக்கப்பட்டது. வங்காள மண்ணில் எழுந்த முதல் தேவாலயங்களுள் அதுவும் ஒன்று. குருக்கள் மனமகிழ்ந்து தம் தலைவருக்கு எழுதினார்கள். அதே காலத்தில் அவர்களுடைய சபையைச் சேர்ந்த வேறு குருக்கள் அக்பரின் அவையில் இருந்தார்கள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பேரரசனும் நம்மை வரவேற்றான். அவனை எதிர்க்கும் நிலையில் இருந்த நிலக்கிழாரும் நம்மை வரவேற்றான். இரண்டு மடல்களிலும் புகழுரை இருந்தது. நமக்குக் கோவில் கட்ட இடம் தந்தவன் நல்லவன் என்னும் அளவுகோல் அன்றும் இருந்தது. இன்றும் அது நம் கையைவிட்டுப் போகவில்லை என்பதை ஒரு பங்குத்தந்தையாக நான் மறுக்கமாட்டேன்.

அந்த அளவுகோல் விரைவில் முறிந்தது. தொமிங்கோஸ் கார்வாலோ என்னும் போர்த்துக்கீசியத் தலைவன் 1602இல் சந்தீவுத் தீவைப் படைகொண்டு பிடித்தான். அரக்கானின் அரசனுக்கு இது பொறுக்கவில்லை, போர் மூண்டது. தீவைக் காக்க முடியாமல் கார்வாலோ வெளியேறினான். அவனை நண்பனைப்போல் தன் நகருக்கு அழைத்த சாந்திகான் அரசன், வந்தவனைப் பிடித்துக் கொன்றான். அரக்கான் அரசனின் நட்பைப் பெறுவதற்கு அந்தத் தலை விலையாயிற்று. அதன்பின் சேசு சபையினருக்கும் அந்த நாட்டில் இடமில்லாமல் போயிற்று. கார்வாலோ புண்ணியவான் அல்லன். பிறர் நிலத்தைப் படைபலத்தால் பிடித்தவன். ஆயினும் விருந்தென்று அழைத்து விலங்கிட்டுக் கொல்வதை எந்த நாட்டு அறமும் ஏற்பதில்லை. வந்த விருந்தினரை ஓம்புவதையே இல்வாழ்வின் அறமாகக் கொண்ட தமிழருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள்ளும் கதை இதுவே என்று வங்காள மரபு கூறுகிறது. தந்தைக்கு நிகராகத் தன்னை வளர்த்த சிறிய தந்தை வசந்தராயைப் பிரதாபாதித்யன் கொன்றான் என்பர். அந்தச் சிறுவன் வளர்ந்து மருமகனானபின் அவனையும் கொல்லத் திட்டமிட்டான். அவன் இரவோடிரவாகத் தப்பினான் என்றும் சொல்வர்.

கடற்கொள்ளையனின் விடை

புனித அகுஸ்தினார் தம் 'இறைவனின் நகரம்' என்னும் பெருநூலில் ஒரு பழைய நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறார். மாவீரன் அலெக்சாந்தரிடம் கடற்கொள்ளையன் ஒருவன் பிடித்துக் கொண்டுவரப்பட்டான். கடலை ஏன் கலங்கடிக்கிறாய் என்று அரசன் கேட்க, நீ உலகைக் கலங்கடிப்பதுபோலத்தான். என்னிடம் இருப்பது சிறு படகு என்பதால் நான் கொள்ளையன், உன்னிடம் பெரும் கப்பற்படை இருப்பதால் நீ பேரரசன் என்ற கருத்துப்பட அவன் விடை சொன்னானாம். நீதியை நீக்கிவிட்டால் அரசுகள் பெரும் கொள்ளைக் கூட்டங்கள்தாம் என்று காட்டுவதற்கு அகுஸ்தினார் இதைச் சொல்கிறார்.

குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது அலெக்சாந்தரின் முகம் எப்படிச் சுருங்கியிருக்கும் என்று எண்ணி நாங்கள் மகிழ்ந்ததுண்டு. வயது ஏறியபின் அந்தக் கதையில் இன்னொன்று தெரிந்தது. கொள்ளையனின் விடை பேரரசனின் போர்வையை உருவிவிடுகிறது. ஆனால் உருவிய போர்வையை எடுத்துக் கொள்ளையனுக்குப் போர்த்திவிடவில்லை. விடை உண்மையானது; விடை சொன்னவன் கொள்ளையனாகவே இருக்கிறான்! அவன் பிடித்த படகுகளில் இருந்த வணிகரும் மீனவரும் அந்த உரையாடலில் இல்லை. அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜெசோரின் கதையிலும் அப்படித்தான். சுபேதாரும் நிலக்கிழாரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். வரலாறு இருவரின் படகுகளையும் எண்ணுகிறது. சதுப்பு நிலத்தில் உப்பு நீரோடு போராடி நெல் விளைவித்த குடியானவன் எங்கே இருக்கிறான்? டில்லிக்குக் கப்பம் போகாமல் நின்றுவிட்டால் அவன் கொடுத்த வரி குறைந்ததா? ஐந்நூறு படகுகளும் ஆயிரம் மணங்கு வெடிமருந்தும் வானத்திலிருந்து வந்தவை அல்ல. அவற்றின் விலை அவன் களத்துமேட்டிலிருந்துதான் போயிருக்கும். கப்பம் மறுத்தவனும் கப்பம் கேட்டவனும் அங்கே ஒருவனே.

அன்பு வாசகர்களே, இதைக் கொண்டு பேரரசின் பக்கம் நியாயம் இருந்தது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஜெசோர்ப் படையெடுப்பில் ஊர்கள் சூறையாடப்பட்டதையும் பெண்கள் சிறைபிடிக்கப்பட்டதையும் மிர்சா நாதனின் நூலே ஒப்புக்கொள்கிறது. வென்றவர்கள் அந்தக் குடியானவனை விடுவிக்க வரவில்லை. அவன் தலைமேல் இருந்த சுமையை வேறு ஆளுக்கு மாற்றிக்கொடுக்க வந்தார்கள். கொடுங்கோலன் ஒருவன் நம் எதிரி என்பதால் நாம் நல்லவர் ஆகிவிடுவதில்லை. நாம் கெட்டவர் என்பதால் கொடுங்கோலன் நல்லவன் ஆகிவிடுவதுமில்லை. இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்லும் துணிவு வேண்டும். ஒன்றை மட்டும் சொல்பவன் யாரோ ஒருவருக்குப் பணிசெய்கிறான்.

எதிர்ப்பின் உரைகல்

எதிர்ப்பு எப்போது அறமாகிறது என்பதைத் திருச்சபையின் மறைவல்லுநர்கள் ஆராயாமல் விட்டதில்லை. பொதுநன்மையை விட்டுத் தன் நன்மைக்காக ஆள்பவனே கொடுங்கோலன் என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ். அத்தகைய ஆட்சியைக் குலைப்பது கலகம் ஆகாது; உண்மையில் கலகக்காரன் அந்தக் கொடுங்கோலனே என்றும் கூறுகிறார். அத்தோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறார்: குலைப்பதால் மக்களுக்கு விளையும் கேடு, அந்த ஆட்சியால் விளைந்த கேட்டைவிட மிகுதியாகிவிடக் கூடாது. தனி மனிதரின் துணிச்சலைவிடப் பொது அதிகாரத்தின் வழியாகச் செயல்படுவதே தக்கது என்றும் அவர் கருதினார்.

இந்தப் போதனையில் கவனிக்கவேண்டியது ஒன்று. கொடுங்கோலன் என்பதற்கு அவர் தரும் வரையறையில் அரசின் பரப்பளவு இடம்பெறவில்லை. பேரரசனும் கொடுங்கோலன் ஆகலாம். நான்கு ஊருக்கு உரிய நிலக்கிழாரும் ஆகலாம். ஒரு வீட்டுக்குத் தலைவனும் ஆகலாம். அதுபோலவே எதிர்ப்பை உரைத்துப் பார்க்கும் கல்லும் எதிர்க்கப்படுபவனின் உயரம் அன்று. எதிர்ப்பு யாருடைய நன்மைக்காக என்பதே. பிரதாபாதித்யனின் போரில் அவனுடைய நாடு பறிபோகாமல் காக்கும் உரிமை அவனுக்கு இருந்தது என்று ஒருவர் வாதிடலாம். நானும் அதை முற்றாக மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமை அவனைத் தியாகி ஆக்கவில்லை. தன்னுடையதைக் காப்பது இயற்கை; பிறருடையதைக் காப்பதே தியாகம்.

இந்த வேறுபாட்டைக் கூர்மையாக உணர்ந்தவர் கவி இரவீந்திரநாத தாகூர். இருபத்திரண்டு வயதுக்குள் அவர் எழுதி 1883இல் நூலாக வந்த 'பௌ தாகுராணிர் ஹாட்' என்னும் புதினத்தில் பிரதாபாதித்யன் கொடிய தந்தையாகவும் கொடிய அரசனாகவும் வருகிறான். நாடு அவனை வீரனாகக் கொண்டாடிய நாள்களிலும் தாகூர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சிறிய தந்தையைக் கொன்றவனை நாட்டின் முன்மாதிரியாக நிறுத்தலாகாது என்பது அவர் நிலை. அரசியல் துணிவுக்காகத்தான் போற்றுகிறோம், அறத்துக்கு முன்மாதிரியாக அன்று என்பது அவருடைய சகோதரியின் மகளான சரளாதேவியின் மறுமொழி. ஒரே குடும்பத்துக்குள் எழுந்த இந்த வழக்கு இன்றும் தீரவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு தலைமுறையும் இதை மீண்டும் வாதிடுகிறது.

தாகூர் அத்தோடு நிற்கவில்லை. 1909இல் அந்தப் புதினத்தையே 'பிராயச்சித்தம்' என்னும் நாடகமாக்கியபோது புதிய பாத்திரம் ஒன்றைச் சேர்த்தார். தனஞ்சய வைராகி என்னும் துறவி அவன். கையில் ஆயுதமில்லை, வாயில் பாட்டு மட்டும். பிரதாபாதித்யன் கேட்கும் அநியாய வரியைக் கொடாதீர்கள் என்று குடிமக்களுக்குக் கற்பிக்கிறான். அரசனுக்கு எதிரே அச்சமின்றி நிற்கிறான். பேரரசுக்குக் கப்பம் மறுத்த அரசனிடமே அவன் குடிகள் கப்பம் மறுக்கும் காட்சி அது. எங்கள் வாசகர் வட்டத்து முதியவரின் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்னரே எழுதப்பட்ட விடை என்று அதைச் சொல்வேன். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்புவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அந்தப் பாத்திரம் பிறந்துவிட்டது என்பது எண்ணத்தக்கது.

பந்தலும் வாசற்படியும்

இவ்வளவு எழுதியபின் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தேன். ஊருக்குக் குடிநீர் வரும் வழி அடைபட்டது. கேட்டுக் கேட்டு அலுத்தபின் மக்களை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தின் முன் அமர்ந்தேன். வெயிலில் மூன்று நாள்கள். அதிகாரி ஒருவர் மிரட்டினார், நானும் விட்டுக்கொடுக்கவில்லை. நான்காம் நாள் தண்ணீர் வந்தது. ஊரார் பந்தல் போட்டு மாலையிட்டார்கள். அன்றிரவு மாலையின் மணம் மாறாத அறையில் மகிழ்ச்சியோடு அமர்ந்திருந்தேன். எங்கள் உபதேசியார் வாசற்படியில் வந்து நின்றார். எழுபதை நெருங்கிய மனிதர். தமக்குக் கொடுக்கும் சிறு தொகையைச் சற்று உயர்த்தித் தரும்படி அவர் என்னிடம் கேட்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. "பார்க்கலாம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பியிருந்தேன். அன்றும் அதைத்தான் கேட்க வந்தாரோ, வாழ்த்துச் சொல்ல வந்தாரோ தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா ஓய்வெடுங்க, சாமி" என்று சொல்லித் திரும்பினார். தோளில் கிடந்த துண்டு அவர் கைக்கு வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அத்தனை மாதங்களும் அவர் என் முன் துண்டைக் கையில் ஏந்தித்தான் நின்றிருக்கிறார். உட்காருங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அதிகாரியின் முன் நான் எழுந்து நின்றது சரிதான். தண்ணீர் வந்ததும் உண்மைதான். ஆயினும் என் எதிர்ப்பின் உரைகல் அந்த அலுவலக வாசலில் இல்லை; என் அறையின் வாசற்படியில் இருந்தது. மறுநாளே அவர் கேட்டதைச் செய்தேன். நான்கு மாதங்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஒரு சிறைச்சாலையில்

வங்காளத்துக்கு முதலில் சென்ற பெர்னாண்டஸ் அடிகளாரை நடுவில் விட்டுவிட்டோம். கார்வாலோவும் அரக்கான் அரசனும் சந்தீவுக்காக மோதிக்கொண்ட நாள்களில் அடிகளார் சிட்டகாங்கில் இருந்தார். அரக்கான் வீரர்கள் அங்கிருந்த கிறிஸ்தவச் சிறுவர்களை அடிமைகளாகப் பிடித்துச் செல்ல முயன்றார்கள். அவர் குறுக்கே நின்றார். அவருக்குப் படகும் இல்லை, வெடிமருந்தும் இல்லை, காக்கவேண்டிய நிலமும் இல்லை. அடித்தார்கள், கண் ஒன்று பழுதுபட்டது. விலங்கிட்டுச் சிறையில் தள்ளினார்கள். 1602 நவம்பர் 14இல் அங்கேயே இறந்தார்.

அவருக்காக யாரும் விழா எடுத்ததாகத் தெரியவில்லை. அவர் எந்தப் பேரரசையும் வீழ்த்தவில்லை. எதிர்த்தது சில வீரர்களை. காக்க முயன்றது சில குழந்தைகளை. அவரிடமிருந்து பறித்துக்கொள்ள எவரிடமும் எதுவும் இல்லை. அவராலும் எவரும் எதையும் இழக்கவில்லை. உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் இந்தப் பொன் மாற்றுக் குறையாமல் ஒளிர்கிறது.

அடுத்த கூட்டத்தில் அந்த இளைஞருக்கு என் விடையைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். தலைவணங்க மறுப்பது நல்லது, தம்பி. அது மனிதனுக்கு இறைவன் தந்த மாண்பின் அடையாளம். எதிர்த்தவன் பாவி என்பதற்காக எதிர்ப்பைப் பழிக்காதே. எதிர்த்தான் என்பதற்காக அவன் பாவத்தைப் புனிதமாக்காதே. நிமிர்ந்த தலையைக் கண்டால் மகிழ்ச்சி கொள். பிறகு சற்றே குனிந்து, அந்தக் காலடியில் யாருடைய முதுகு இருக்கிறது என்றும் பார். முதுகு எதுவும் இல்லையென்றால் தயங்காமல் கையெடுத்துக் கும்பிடு.

இதைச் சொல்லும்போது அந்த முதியவரை முன்வரிசையில் அமரவைக்க வேண்டும். இத்தனை நாளும் அவர் ஏன் மூலையில் அமர்ந்தார் என்று நான் கேட்டதே இல்லை.